மூளை இருந்த பெட்டி

திராட்சைப் பழத்தின் தோலை உரிப்பது பலரும் நினைப்பதுபோல் அலுப்பான வேலை இல்லை, லைல். கொதித்த நீரில் சற்று நேரம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு காம்பு இருந்த இடத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் போதும், தோல் தானாகக் கழன்றுவிடும். உள்ளே இருப்பது ஈரமாக, குளிர்ச்சியாக, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். இருட்டில் தொட்டால் யாரும் அதைக் கண்விழி என்றுதான் சொல்வார்கள்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னாய். எனக்கு ஆரம்பம் அதுதான். ஹாலோவீன் அன்று விடியும் முன்பே சமையலறையில் நின்று திராட்சை உரிப்பது. முப்பது வருடங்களுக்கு மேலாக அப்படித்தான் அந்த நாள் எனக்குத் தொடங்குகிறது.

அந்தப் பெட்டிகளுக்குள் நீயும் கைவிட்டிருக்கிறாய். அட்டைப்பெட்டி, மேலே கறுப்புத் துணி, பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. முதல் பெட்டியில் கண்கள். இரண்டாவதில் சூனியக்காரியின் பற்கள், அதாவது உலர்ந்த சோளம். மூன்றாவதில் மூளை, அதாவது எண்ணெய் தடவிய ஸ்பகெட்டி. நீ என் வகுப்பில் இருந்த வருடம் உன் அம்மா வேஷத்துக்காக உன் உடம்பெல்லாம் சோளத்தட்டையைக் கட்டி அனுப்பியிருந்தாள். நீ நடந்த இடமெல்லாம் சருகு. மூளையைத் தொட்டதும் ஓவென்று அழுதாய். அழுது முடித்ததும் இன்னொரு தடவை தொடலாமா என்று கேட்டாய். இப்போது போலீஸ் உடுப்போடு துணை ஷெரிஃபாக எதிரில் உட்கார்ந்திருக்கிறாய், ஆனால் பென்சிலை இன்னும் முழுக் கையால்தான் பிடிக்கிறாய். அதை நான் சரிசெய்யாமல் விட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அலங்காரம் என்று சொல்லும்போது மற்றவர்கள் கடையில் வாங்கித் தொங்கவிடுவதை நினைத்துக்கொள்கிறார்கள். என் வகுப்பில் எதுவும் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. சிலந்திகளுக்கு எட்டுக் கால் என்றால் அது பெருக்கல் பாடம். சூனியக்காரியின் கஷாயத்துக்குச் செய்முறை எழுதுவது மொழிப் பாடம். பூசணிக்காய் ஒரு மாதப் பாடம். எடையை ஊகிப்போம், தொட்டித் தண்ணீரில் மிதக்குமா மூழ்குமா என்று சண்டை போடுவோம், உள்ளே கைவிட்டுக் கொட்டைகளை எடுத்துப் பத்துப் பத்தாக அடுக்குவோம், உப்புப் போட்டு வறுத்துத் தின்போம். செதுக்கி முடித்ததைப் பழைய மீன் தொட்டிக்குள் வைத்து மூடி, ஜன்னலோரம் வைத்துவிடுவேன். அது அழுகுவதைக் கிறிஸ்துமஸ் வரை பார்ப்பதுதான் அறிவியல் பாடம். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு அதற்குப் பெயர் வைப்பார்கள். இந்த வருடப் பூசணியின் பெயர் கஸ்.

அந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு விதி. பார்த்ததைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே. கஸ் சோகமாக இருக்கிறான் என்று யாராவது எழுதினால் அந்த வரியை நான் அடித்துவிடுவேன். கஸ்ஸின் வாய் உள்ளே மடங்கியிருக்கிறது என்று எழுதினால் நட்சத்திரம் ஒட்டுவேன். டெஸ்ஸா என்று ஒரு பெண் இருக்கிறாளே, உன்னிடம் பேசியவள், அவள்தான் இந்த வருடம் அதிக நட்சத்திரம் வாங்கியவள். எதிலும் எதிர்க்கேள்வி கேட்பாள். "டீச்சர், ரத்தக்காட்டேரிக்குப் பல்லு விழுந்தா காசு வைக்கற பல் தேவதை வருமா? இல்ல அதுக்கும் பயமா?" என்று போன மாதம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

வௌவால்களை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து, கைகளை விரித்துக் கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்தால், விரல்கள்தான் இறக்கை. வெட்டி, நூல் கட்டிக் கூரையில் தொங்கவிடுவேன். எந்த வருடத்து வௌவாலையும் நான் தூக்கிப்போட்டதில்லை. அக்டோபர் வந்ததும் எல்லாவற்றையும் தொங்கவிட்டுவிடுவேன். உன் கை அங்கே இருக்கிறது. இந்த வருடத்து என் மாணவி ஜூனி, அவள் அப்பா கோர்ட் ஃபாக் ஏழு வயதில் என்னிடம் படித்தபோது வரைந்த கை அங்கே இருக்கிறது. அவருடைய வௌவாலுக்குப் பக்கத்திலேயே ஜூனியினுடையதையும் கட்டினேன். மதியம் வெப்பக்காற்றை ஓடவிட்டால் இந்த ஊரின் எல்லாக் கைகளும் சேர்ந்து மெதுவாக அசையும். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த அறை இல்லாமல் நான் யார் என்பது உனக்குப் புரிய வேண்டும்.

செப்டம்பர் கூட்டத்தில் ஹால்வர்சன் சொன்னார். தலைமை ஆசிரியர் என்றாலும் என்னைவிட மிகவும் இளையவர், நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லும்போது நாற்காலியின் நுனியில் உட்காருவார். ஊரில் பண்ணைகள் பெரிதாகிக் குடும்பங்கள் குறைந்துவிட்டன, இரண்டாம் வகுப்புக்கு இரண்டு பிரிவு நடத்தப் பிள்ளைகள் இல்லை, அடுத்த வருடம் ஒன்றுதான் என்றார். இரண்டு பிரிவில் ஒன்று என்னுடையது. இன்னொன்று எதிர் அறை, கெல்சி வான்ஸுடையது. யார் போக வேண்டும் என்று அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. மாவட்டக் கண்காணிப்பாளர் ஹாலோவீன் அன்று வந்து எல்லா அறைகளையும் பார்ப்பார், பிறகுதான் முடிவு என்றார்.

ஆனால் முடிவு ஆகிவிட்டிருந்தது. நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் நான் இருப்பது தெரியாமல் அலுவலக டோனாவிடம் அவர் பேசியதைக் கேட்டேன். "ஐரீன் அருமையான டீச்சர்தான், யாரு இல்லன்னா? ஆனா அம்மா அப்பாவெல்லாம் கெல்சி கிளாஸ்தான் வேணும்னு வந்து நிக்கறாங்க. ஐரீனுக்கு நல்லபடியா ஒரு விருந்து வச்சு அனுப்பிடலாம். கேக்குல பூசணிக்கா படம் போட்டு."

"படம் எதுக்கு?" என்றாள் டோனா. "அந்தம்மாவயே மேல உக்கார வச்சுடலாம். அந்தச் சூனியக்காரித் தொப்பியோட பொருத்தமா இருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வன்மமான சிரிப்பு இல்லை. பிரியமாகத்தான் சிரித்தார்கள். நான் நகல்களை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய் எட்டாம் வாய்ப்பாட்டுச் சிலந்திகளை வெட்டினேன்.

பணக் கஷ்டம் என்று நினைத்துவிடாதே. ஓய்வூதியம் வரும், வீடு சொந்த வீடு. என் கணவர் டேல் போன பிறகு எனக்குச் செலவே இல்லை. எனக்கிருந்த பயம் வேறு. அடுத்த அக்டோபரில் நான் என்ன செய்வேன்? ஒரு சனிக்கிழமை அதை ஒத்திகை பார்த்தேன். சமையலறை மேஜையில் கறுப்புக் காகிதத்தை விரித்து, என் கைகளையே வைத்து வரைந்து வெட்டினேன். மாலைக்குள் மேஜை நிறைய வௌவால்கள். எல்லாம் ஒரே அளவு. எல்லாம் என் கை. அவற்றைக் குப்பையில் போட்டேன், பிறகு எடுத்தேன், பிறகு அடுப்பில் போட்டேன்.

திங்கட்கிழமை ஹால்வர்சனிடம் போய்க் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள். சம்பளம் வேண்டாம், கெல்சிக்கு உதவியாக மட்டும் வருகிறேன் என்றேன். அக்டோபர் மாதம் மட்டுமாவது வருகிறேன் என்றேன். அவர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"எவ்வளவு நாள் ஐரீன் மத்தவங்க பசங்களுக்கே உழைப்பீங்க? நிம்மதியா இருங்க. உலகத்தச் சுத்திப் பாருங்க."

உலகத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, ஃப்ளோரிடா என்றார்.

கெல்சியைப் பற்றி நான் கெட்டதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவள் வாசலில் ஆரஞ்சுப் பலூன் வளைவு வைத்திருந்தாள், உள்ளே புகை விடுகிற சட்டி. பிள்ளைகளோடு ஆடி அதைப் போனில் படம் பிடித்துப் பெற்றோருக்கு அனுப்புவாள். பாடத்தோடு எதுவும் ஒட்டாது. ஆனால் பிள்ளைகளை அவளுக்குப் பிடிக்கும், அது பொய் இல்லை. அக்டோபர் பாதியில் என் அறை வாசலுக்கு வந்து, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"ஐரீன், கோவிச்சுக்காதீங்க. உங்க தொட்டுப்பாக்கற பெட்டிங்கள என் ரூம்ல வச்சுக்கலாமா? ஹால்வர்சன்தான் சொன்னாரு, என் ரூம் பெருசாம், ரெண்டு கிளாஸும் மாத்தி மாத்தி வரட்டுமாம். உங்களுக்குக் கஷ்டம்னா வேணாம். சத்தியமா வேணாம்."

கஷ்டம் இல்லை என்றேன். பெட்டிகளை நானே தூக்கிக்கொண்டு போய் அவள் அறையில் வைத்தேன். கறுப்புத் துணியின் ஓரத்தை எப்படி மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் உள்ளே போய்விடும் என்று காட்டிக்கொடுத்தேன். திரும்பி வரும்போது தாழ்வாரம் மிக நீளமாக இருந்தது.

இனி ஜூனி. ஜூனி ஃபாக் என் வகுப்பு. என் பிள்ளை.

ஆகஸ்டில் அவள் அம்மா மாரிட் ஒரு சிவப்புப் பையோடு வந்தாள். உள்ளே இரண்டு ஊசிப் பேனா, தொடையில் குத்துகிற அவசர மருந்து. வேர்க்கடலை ஜூனிக்கு ஆகாது, ஒரு துளி உள்ளே போனால் தொண்டை அடைத்துவிடும். "வேற யார்கிட்டயும் விட்டுட்டுப் போகப் பயமா இருக்கு. நீங்கன்னா நான் நிம்மதியா இருப்பேன்" என்றாள். மாரிட்டும் என் மாணவிதான். அவள் நிம்மதிக்கு நான் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். பையைக் கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினேன். ஜூனி எங்கே போனாலும் கூடப் போகிறவர் கையில் பை போக வேண்டும் என்று விதி போட்டேன். பிறந்தநாளுக்கு வருகிற எந்தக் கேக்கும் என் கண்ணைத் தாண்டாது. உறையில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தேன். "ஐரீன் ரூம்ல நின்னு வேர்க்கடலைய மனசுல நெனச்சாக்கூட அலாரம் அடிக்கும்" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். வருடா வருடம் நர்ஸ் வந்து ஊசிப் பேனாவை எப்படிப் போடுவது என்று ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் காட்டுவாள். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் இரண்டு முறை குத்திப் பழகுவேன். உடனே போட்டால் பயமில்லை என்று நர்ஸ் சொன்னாள்.

ஜூனி நகம் கடிப்பாள். அதை நிறுத்த நான் எவ்வளவோ செய்து பார்த்தேன். பிசைய ரப்பர் பந்து கொடுத்தேன், விரலில் சிரித்த முகம் ஒட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. சந்தோஷமாக இருந்தாலும் கை வாய்க்குப் போகும், பயந்தாலும் போகும். எந்தப் பிள்ளை நகம் கடிக்கும், எது பென்சிலைக் கடிக்கும், எது சட்டைக் காலரைச் சப்பும் என்பதெல்லாம் ஒரு நல்ல ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கெல்சிக்குத் தெரியாது.

நான் அதைத் திட்டமிட்ட விதமும் ஒரு பாடத்தைத் திட்டமிடுகிற விதம்தான், லைல். நோக்கம் என்ன, தேவையான பொருள் என்ன, எந்தப் பிள்ளை எங்கே நிற்கும், முடிவில் பார்ப்பவர்கள் எதைத் தெரிந்துகொண்டு போவார்கள். எதிர் அறையில் கவனம் போதாது என்று தெரிந்துகொள்வார்கள். ஓர் ஆபத்து வந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தில் யார் கை நடுங்காது என்று தெரிந்துகொள்வார்கள். பலூனும் புகையும் ஒரு பக்கம், முப்பது வருடத்துக் கை ஒரு பக்கம். கண்காணிப்பாளர் முன்னால், ஹால்வர்சன் முன்னால். ஜூனிக்கு உதடு வீங்கும், கொஞ்சம் இருமுவாள், நான் பேனாவைப் போடுவேன், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பார்கள், மறுநாள் அவளுக்கு இரண்டு பை மிட்டாய். நான் கற்பனை செய்ததில் அவள் ஒருமுறைகூட அழவில்லை.

அன்று காலை திராட்சையை உரித்து முடித்த பிறகு, தயிர் டப்பா ஒன்றில் ஒரு கரண்டி பீனட் பட்டரை, அந்த வேர்க்கடலை விழுதை, எண்ணெய் விட்டுக் கரைத்து எடுத்துக்கொண்டேன். ஒரு கரண்டிதான். சூனியக்காரி உடுப்பைப் போட்டுக்கொண்டேன், அதே கறுப்பு அங்கி, அதே பச்சை ஏப்ரன், முன்னால் பெரிய பாக்கெட் உள்ளது. கெல்சி வருவதற்குள் அவள் அறைக்குப் போய்விட்டேன். கெல்சி முந்தின நாளே வேகவைத்த ஸ்பகெட்டி டப்பாவில் இருந்தது, அதை மூன்றாவது பெட்டிக்குள் வைத்து நான் கரைத்து வந்த எண்ணெயை ஊற்றிப் பிசைந்தேன். இலவங்கப்பட்டைத் தூளை மேலே தூவினேன், வாசனை தெரியாமலிருக்க. கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்தக் கையோடு ஜூனியைத் தொடக்கூடாது என்று எனக்கு அவ்வளவு கவனம் இருந்தது.

நல்ல நாளாக இருந்தது. வெளியே வயல்களில் அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, காற்றில் சோளத் தூசி. மதியம் ஊர்வலத்துக்கு அப்பாக்கள் எல்லாம் புருவத்தில் தூசியோடு வந்து நிற்பார்கள். ஜூனி ஆந்தையாக வந்திருந்தாள். மாரிட் பழுப்புக் காகிதப் பைகளை இறகு இறகாக வெட்டித் தைத்திருந்தாள். முகத்தில் கம்பளித் துணியில் அலகு வைத்த முகமூடி, வாய் மட்டும் கீழே தெரியும். "டீச்சர், நான் தலைய முழுசாத் திருப்புவேன் பாருங்க" என்று சொல்லி உடம்பையே திருப்பிக் காட்டினாள்.

எங்கள் வகுப்பு கெல்சி அறைக்குப் போகும் முறை வந்தது. கெல்சியின் பிள்ளைகள் கஸ்ஸைப் பார்க்க என் அறைக்குப் போனார்கள். கொக்கியிலிருந்து சிவப்புப் பையை எடுத்து ஏப்ரன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். அந்த நேரத்துக்கு ஹால்வர்சனும் கண்காணிப்பாளரும் கெல்சி அறையில் இருக்க வேண்டும், அவர்கள் வருகிற வரிசையை டோனா எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்.

அவர்கள் வரவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் ரோபோவாக வந்திருந்தான். பெரிய அட்டைப்பெட்டியும் சலவை இயந்திரக் குழாயும். வாசல் நிலையில் அவன் மாட்டிக்கொண்டான். ஹால்வர்சன் அவன் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தார். தாழ்வாரக் கோடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

ஜூனி மூன்றாவது பெட்டிக்குள் கைவிட்டாள். "ஐய, மூளை! வழவழன்னு இருக்கு!" என்று சிரித்தாள். பக்கத்தில் நின்ற டெஸ்ஸாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சந்தோஷத்தில் விரல் வாய்க்குப் போயிற்று.

உனக்குத் தெரிந்ததுதான், இருமினாள். கெல்சி முதலில் புகை பட்டது என்று நினைத்து அந்தச் சட்டியை அணைத்தாள். முகமூடி இருந்ததால் முகம் மாறியது அவளுக்குத் தெரியவில்லை. நான் கதவருகே நின்றிருந்தேன். எனக்கு ஜூனியின் கன்னத்தின் கீழ்ப்பக்கம் வீங்குவது தெரிந்தது. கெல்சி முகமூடியைக் கழற்றினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐரீன், பை எங்க? ஜூனியோட பை எங்க?"

அதற்கு நான் சொன்னதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பேனாவைப் போட்டபோது ஹால்வர்சன் அறைக்குள் வந்திருந்தார், பின்னால் கண்காணிப்பாளர். தொடையின் வெளிப்பக்கம், இறகுகளுக்கு மேலேயே, அழுத்தி, மெதுவாக எண்ணினேன். என் கை நடுங்கவில்லை. "கடவுளே, ஐரீன்" என்றார் ஹால்வர்சன். அவர் குரலில் இருந்ததை நான் செப்டம்பரிலிருந்து கேட்கக் காத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆம்புலன்ஸை ஓட்டுகிற தொண்டர்கள் எல்லாரும் விவசாயிகள். நல்ல வெயில் அடிக்கிற அறுவடை நாளில் அவர்கள் வயல்களின் அந்தக் கோடியில் இருப்பார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். இரண்டாவது பேனாவையும் போட்டேன். வண்டி வந்தபோது அதை ஓட்டி வந்தவர் சோளத் தூசியோடு அவள் அப்பா கோர்ட் ஃபாக். வயலில் மற்றவர்களைவிட அவர்தான் பக்கத்தில் இருந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு மூச்சுத்திணறல் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

போகிற வழியில் அவள் இதயம் நின்றது. நகரத்து ஆஸ்பத்திரியில் அதை மறுபடி ஓடவிட்டார்கள். கண் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்தினார்கள்.

இடையில் இருந்த நாட்களில் எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள். வீட்டு வாசலில் சாப்பாட்டுத் தட்டுகளை வைத்துவிட்டுப் போனார்கள், உருளைக்கிழங்கு வேகவைத்தது, ஆப்பிள் கேக். ஆஸ்பத்திரியில் மாரிட் என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க மட்டும் அங்க இல்லன்னா" என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இரண்டாம் வகுப்பில் மழை இடிக்குப் பயந்து என் மடியில் உட்கார்ந்த பெண் அவள்.

கெல்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொருட்களை எடுக்க வந்தவளைக் கார் நிறுத்துமிடத்தில் பார்த்தேன். பலூன் வளைவின் கம்பி அவள் கார் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் லேபிள் எல்லாம் பாத்தேன் ஐரீன். சத்தியமாப் பாத்தேன். எண்ணெய் பாட்டிலக்கூடப் பாத்தேன்" என்றாள்.

"தெரியும் கண்ணு" என்றேன். அது உண்மை, எனக்குத் தெரியும்.

ஹால்வர்சன் என் அறைக்கு வந்து, பிள்ளைகளின் சின்ன நாற்காலியிலேயே உட்கார்ந்தார். முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அடுத்த வருஷத்தப் பத்தி நீங்க எதுவும் யோசிக்காதீங்க. இந்த ரூம் உங்களுதுதான்" என்றார். அவர் போன பிறகு நான் நாற்காலி மேல் ஏறி, முறுக்கிக்கொண்டிருந்த வௌவால் நூல்களைப் பிரித்துவிட்டேன். ஜூனியின் கைகள் அவள் அப்பாவின் கைகளோடு சிக்கிக்கொண்டிருந்தன. அதைப் பிரிக்க நேரம் எடுத்தது.

அதன் பிறகு நீ வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேசினாய். பெரியவர்கள் எல்லோரும் தாங்கள் நினைத்ததை உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கெல்சி கவனக்குறைவானவள் என்று நினைத்தார்கள், ஐரீன் ஓடிப்போய்ப் பையைக் கொண்டுவந்தாள் என்று நினைத்தார்கள். டெஸ்ஸா மட்டும் பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதை நீ படித்துக் காட்டினாய். "ஜூனி இருமுறப்பவே டீச்சரோட ஏப்ரன் பாக்கெட்ல சிவப்புப் பை இருந்துச்சு. டீச்சர் ஜூனியப் பாக்கல. வெளிய பாத்தாங்க."

நல்ல வாக்கியங்கள், லைல். ஒரு வார்த்தை கூட நினைத்தது இல்லை, எல்லாம் பார்த்தது. அதைக் கேட்டபோது எனக்குப் பயத்தைவிடப் பெருமைதான் முதலில் வந்தது. அவளுக்கு ஒரு நட்சத்திரம் பாக்கி.

சரி, விட்டதைச் சொல்லிவிடுகிறேன். பை எங்கே என்று கெல்சி கேட்டாள். என் ரூமில் கொக்கியில் இருக்கிறது, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா என்றேன். அவள் ஓடினாள். பை என் பாக்கெட்டில் இருந்தது, என் கை அதன் மேல் இருந்தது. ஜூனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள், தூக்கச் சொல்லும் குழந்தை நீட்டுவதுபோல். அந்தக் கைகளை எனக்கு நன்றாகத் தெரியும், நான்தான் அவற்றைச் சுற்றிக் கோடு வரைந்தேன். நான் தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்கிறாய். அந்த ரோபோவை நிலையிலிருந்து விடுவித்து, அவன் பெட்டியை நிமிர்த்திவைத்து, ஹால்வர்சன் அவனோடு ஒரு படம் எடுத்துக்கொள்கிற நேரம். அவர்கள் படம் எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பிறகு அவர் இந்தப் பக்கம் திரும்பினார். அதன் பிறகுதான் நான் ஜூனியிடம் போனேன்.

எழுதிவிட்டாயா? இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. எனக்குப் பதிலாக வருகிற ஆசிரியையிடம் கஸ்ஸைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல். நாற்றம் வந்தால் மூடியை நாடா ஒட்டி மூடினால் போதும். இந்த வாரம் உள்பக்கம் வெள்ளைப் பூஞ்சை வந்திருக்கும், பிள்ளைகள் அதை எழுத வேண்டும், பாடம் பாதியில் நிற்கக் கூடாது.

இன்னொன்று, ஊசி. தப்பாகப் போட்டேன் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. தொடையின் வெளிப்பக்கம், நேராக, அழுத்தி, நர்ஸ் காட்டியது போலவே போட்டேன். அவளைக் காப்பாற்ற அந்த அறையில் முன்வந்தது நான் ஒருத்திதான். ஹால்வர்சனைக் கேட்டுப் பார், அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.